மொழுக்கி கேட்ட படுக்கை

அந்தக் காலத்தில் ஒரு மலையடிவாரம் இருந்தது. எந்த மலை என்று கேட்காதீர்கள். அப்போது மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. விலங்கும் மனிதரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். அதனால் சண்டையும் நிறைய.

அங்கே மொழுக்கி என்று ஒருத்தி இருந்தாள். வால் கிடையாது. கழுத்து இருந்தது, ஆனால் தேட வேண்டும். அதனால் அந்தப் பெயர். இப்போது கூண்டில் வைத்து வளர்க்கிறீர்களே கினிப்பன்றி, அந்த இனம். பன்றிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பெயர் வைத்தவர்களைப் போய்க் கேளுங்கள். எனக்குக் கதை இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் அவள் இனத்துக் குட்டிகள் எலிக்குட்டி போலத்தான் பிறந்தன. கண் மூடியிருக்கும். உடம்பில் ஒரு முடி இருக்காது. போட்ட இடத்திலேயே கிடக்கும். தாய் எதில் போட்டாளோ அதோடுதான் அவற்றின் பாடு.

அடிவாரத்தில் ஒரு வழக்கம். ஒருத்தி வயிற்றில் குட்டி என்று தெரிந்தால், அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் தங்கள் படுக்கையிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் கவ்விக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். படுக்கைச் சீர் என்று பெயர். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் பேச்சுவார்த்தை அற்றுப்போகும்.

முதல் பேற்றின்போது மொழுக்கி எல்லாச் சீரையும் வாங்கினாள். எலி கந்தல் துணி கொடுத்தது. முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கொடுத்தது. அணில் தேங்காய் நார். குருவி வைக்கோல். யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து விரித்தாள். மழைக்காலம். கந்தல் ஈரத்தைக் குடித்தது, விடவில்லை. முடி கட்டிகட்டியாய் ஒட்டியது. நார் காலைச் சுற்றியது. நகரத் தெரியாத குட்டிகள் அந்த ஈரத்திலேயே கிடந்தன. ஒன்றும் பிழைக்கவில்லை.

அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. நாமும் பேச வேண்டாம்.

மறுபடி வயிற்றில் குட்டி என்று தெரிந்தது. சீர் வந்தது. மொழுக்கி தன் பாறை இடுக்கின் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் வெளியவே வையுங்க."

எலிதான் அடிவாரத்துக்கே பேறு பார்ப்பவள். அவளுக்குக் கோபம் முதலில் வரும். "என்னடி இது? சீரைத் தட்டுறியா?"

"தட்டலைக்கா. சோதிச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கறேன்."

"சீரைச் சோதிப்பாளாம்!" என்றது முயல். "நல்லா கேட்டுக்குங்க எல்லாரும்."

மொழுக்கி சோதித்தாள். முதலில் முயலின் முடிக்குள் மூக்கை விட்டு நன்றாக மூச்சிழுத்தாள். பிறகு மேலே படுத்துப் புரண்டாள். கடைசியில் அதன் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டு, எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

முயல் அலறியது. "ஏய்! என் மாருமுடிடி அது! வலிக்க வலிக்கப் புடுங்கிட்டு வந்தேன்!"

"அடிவயிறு நனையுது அக்கா. உங்க குட்டிங்களுக்கு இது சரி. தின்னுறதும் போறதுமாவே இருக்கிற கூட்டம் நாங்க. எங்களுக்கு ஆகாது."

"நார் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றது அணில்.

"குட்டிக் காலைச் சுத்தி இறுக்கும்."

"வைக்கோல்?" குருவி.

"கண்ணைக் குத்தும்."

"பொறக்கறப்போ கண்ணு மூடித்தானடி இருக்கும்!"

"மூடின கண்ணுக்கு வலிக்காதா?"

ஆளாளுக்குத் தங்கள் சீரைக் கவ்விக்கொண்டு போனார்கள். முயல் மட்டும் தன்னுடையதை எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் அது இல்லை.

புருஷன் பெயர் உருட்டான். ஒரு புல்லை மென்றுகொண்டே சொன்னான்: "ஊரைப் பகைச்சுட்டியே."

"ஊரா பெத்துக்கப் போகுது?"

அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை.

பேறு நாள் வந்தது. வலியும் வந்தது. படுக்கைதான் வரவில்லை. பாறை இடுக்கில் வெறும் தரை, அதுவும் ஈரத் தரை.

வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்: "அம்மா, வரலாமா?"

"வரக் கூடாது."

"நேரமாச்சும்மா."

"படுக்கை ஆகலை. அங்கேயே இருங்க."

இதற்கு முன்னால் எந்தத் தாயும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. குட்டிகளுக்கோ எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இருந்துவிட்டன. வந்த வலி திரும்பிப் போனது.

மொழுக்கி எழுந்து நடந்தாள். அடிவாரத்தின் கோடியில் கொண்டப்ப ஆசாரியின் பட்டறை. ஆசாரி தேவதாரு மரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பொன்னுருவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"படுக்கைக்குத்தானே வந்தே?" என்றார் ஆசாரி. செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. "ராஜா வீட்டுக் கட்டிலுக்கு இழைக்கிறேன். சீவலை வேணும்கிற அளவு அள்ளிக்க. மணம் பாரு, எப்படித் தூக்குது!"

மொழுக்கி மூக்கை விட்டு மூச்சிழுத்தாள். மணம் நெஞ்சைப் பிடித்தது. இருமினாள். இருமல் நிற்கவில்லை.

"அம்மா, ஏன் குலுங்குது?"

"மணம்டா."

"மணம் வேண்டாம்மா."

மொழுக்கி சீவலை விட்டு வெளியே வந்தாள். "இது வேண்டாம் ஆசாரியாரே."

ஆசாரிக்கு முகம் சிவந்தது. "ராஜாவே ஆசைப்பட்டுக் கேட்ட மரம். சாண் உசரம் இல்லை, உனக்கு ஆகாதோ?"

"ராஜா கட்டில் மேல மெத்தை போட்டுப் படுப்பாரு. அவர் மூக்கு மரத்துக்கு எட்டத்தில இருக்கும். எனக்கு மூக்கே படுக்கைக்குள்ளதான் இருக்கு."

பொன்னுருவி முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்போ என்னதான் வேணும் உனக்கு? ஒரேயடியாச் சொல்லிடு."

"மணமில்லாத மரம். தூசி கூடாது. ஈரத்தைக் கீழே இழுத்துக்கணும், மேலே காஞ்சு இருக்கணும். குத்தக் கூடாது. வாயில போட்டா வயித்தைக் கெடுக்கக் கூடாது."

"மாப்பிள்ளை தேடுறவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்கடி."

"மாப்பிள்ளை மேல யாரு மூத்திரம் போறா?"

ஆசாரி இழைப்பதை விட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பைக் காட்டக் கூடாதல்லவா.

பட்டறை மூலையில் வெள்ளை மரச் சீவல் குவிந்திருந்தது. பலகைக்குக்கூட மதிப்பில்லாத மரம். மணம் இல்லை. ஆனால் தூசி இருந்தது, ஈரமும் இருந்தது. வெயிலில் காய வைக்க வேண்டும். வானத்திலோ வெயில் இல்லை. மேகம் வந்து உட்கார்ந்தது, எழுந்து போகிற வழியாய்த் தெரியவில்லை.

மொழுக்கியும், பின்னாலேயே வந்த உருட்டானும் பட்டறையில் காத்திருந்தார்கள். வயிறு பெருத்துத் தரையில் இழுபட்டது. உள்ளே பேச்சு ஓயவில்லை.

"அம்மா, குளிருது."

"போர்த்திக்குங்க."

போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது? முடியை வளர்த்துக்கொண்டன.

"அம்மா, பசிக்குது. கடிக்க ஏதாவது இருக்கா?"

"இல்லை. பல்லையாவது தயார் பண்ணி வையுங்க."

பல் முளைத்தது.

"அம்மா, ஒரே இருட்டு. வாசல் எந்தப் பக்கம்?"

"கண்ணைத் திறந்து பாருங்க."

கண்ணைத் திறந்தன. இப்படித்தான் ஆயிற்று. வேறு மாயமெல்லாம் இல்லை.

எலி கோபத்தைக் கட்டி வைத்துவிட்டு வந்தது. பேறு பார்ப்பவளால் சும்மா இருக்க முடியாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. குரல் மாறிவிட்டது.

"மொழுக்கி, நான் சொல்றதைக் கேளு. இதுக்கு மேல வச்சிருந்தா உன் இடுப்பு தாங்காது. நீ போயிடுவே. உன்னோட அதுங்களும் போயிடும். கெடைச்சதுல பெத்துப் போட்டுடு."

உருட்டான் அன்றுதான் மெல்லுவதை நிறுத்தினான். வாயில் பாதிப் புல் தொங்கியது. "போதும் மொழுக்கி. குட்டி இன்னொரு தடவை வரும். நீ வர மாட்டே."

மொழுக்கி தள்ளாடிப் போய்ச் சீவலில் கால் வைத்தாள். மேலே காய்ந்திருந்தது. தோண்டினாள். அடியில் ஈரம். அந்த ஈரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒரு விடியலில் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

வயிற்றிடம் கேட்டாள். "இன்னும் முடியுமா உங்களால?"

உள்ளே கலந்து பேசிக்கொண்டார்கள். பிறகு பதில் வந்தது. "இடம்தான் பத்தலை. நீ தாங்குவியா?"

"என்னைப் பத்தி யாரு கேட்டா? முடியுமா முடியாதா?"

"முடியும்."

"அப்போ இருங்க."

எலி தலையில் அடித்துக்கொண்டது. "அம்மாவும் பிடிவாதம், வயித்துல இருக்கறதும் பிடிவாதம்!"

மறுநாள் மேகம் விலகியது. சுள்ளென்று வெயில் அடித்தது. பொன்னுருவி சீவலைப் பரப்பினாள், கிளறினாள், மறுபடி பரப்பினாள். நன்றாகக் காய்ந்ததும் மொழுக்கி சொன்னாள்: "தூசி இருக்குக்கா. புடைச்சுக் கொடு."

"அரிசி புடைக்கிற முறத்துல மரத்தைப் புடைக்கச் சொல்றியா? யாராவது கேட்டாச் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். எனக்கு நிக்க முடியலை."

பொன்னுருவி அவளைப் பார்த்தாள். முறத்தை எடுத்தாள். புடைத்தாள். தூசி காற்றோடு போனது. சீவல் முறத்தில் நின்றது. மெத்தென்று, வெள்ளையாய்.

பட்டறைத் திண்டின் ஓரமாய்க் கனமாகக் கொட்டினாள். மொழுக்கி மூச்சிழுத்தாள். தும்மல் இல்லை. புரண்டாள். குத்தவில்லை. மூத்திரம் பெய்து உட்கார்ந்தாள். ஈரம் கீழே இறங்கியது. ஆனால் வயிற்றில் ஒரு சில்லிப்பு ஒட்டியது.

"ஒண்ணு குறையுது."

"அடிப் பாவி, இன்னுமா?" என்றது எலி.

பக்கத்துத் தொழுவத்தில் செவலைப் பசு நின்றது. அதன் முன்னால் நிழலில் உலர்த்திய புல். பச்சை வாடை இன்னும் போகாதது, வளைத்தால் ஒடியாதது. மொழுக்கி ஊர்ந்து போய் ஒரு வாய் கவ்வினாள்.

"அது என் சாப்பாடு," என்றது பசு.

"எனக்கும் அதான் சாப்பாடு. படுத்துக்கிட்டே தின்பேன்."

"படுக்கையைத் தின்னுட்டு அப்புறம் எதுல படுப்பே?"

"மறுபடி போடுவாங்க."

"யாரு போடுவா?"

மொழுக்கி பொன்னுருவியைப் பார்த்தாள். பசுவும் பார்த்தது. எலியும் பார்த்தது. ஆசாரிகூட உளியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் பொன்னுருவி. "வேற யாரு இருக்கா இந்த ஊர்ல? நனைஞ்சதை அள்ளிக் கொட்டுறேன், காஞ்சதைப் போடுறேன். நீ முதல்ல பெத்துத் தொலை."

புல்லைக் கை நிறைய அள்ளி வந்து சீவலின் மேல் பரப்பினாள். உயரமாய், முகம் புதைகிற அளவுக்கு. மொழுக்கி ஏறிப் படுத்தாள். வயிற்றுக்குக் கீழே காய்ந்திருந்தது. எல்லாப் பக்கமும் காய்ந்திருந்தது.

"இப்போ வாங்க," என்றாள்.

நல்ல உச்சி வேளை. கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் பட்டறை வாசலில் வந்து நின்றிருந்தார்கள். பார்க்க வரவில்லை, அந்தப் பக்கமாய்ப் போனோம் என்றது முயல். உருட்டான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நேரமாயிற்று. மொழுக்கியின் மூச்சு ஒரு முறை நின்றுவிட்டு வந்தது. எலி குனிந்து கை கொடுத்தது. பிறகு முதல் குட்டி வெளியே வந்தது.

உடம்பெல்லாம் முடி. வாயில் பல். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. எலி நக்கிவிட வாயைக் கொண்டுபோனது. குட்டி நழுவி ஓடியது.

"பொறந்ததும் ஓடுதேடி!" என்று கத்தியது எலி. இத்தனை காலம் பேறு பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

குட்டி கூட்டத்தைப் பார்க்கவில்லை. பொன்னுருவியைப் பார்க்கவில்லை. ஏன், தாயையே பார்க்கவில்லை. படுக்கையில் மூக்கைப் புதைத்தது. காலால் தோண்டி அடிவரைக்கும் பார்த்தது. ஒரு புல்லை இழுத்துக் கடித்து மென்றது. அப்புறம் திரும்பி, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொன்னது:

"வாங்க. காஞ்சிருக்கு."

மற்ற இரண்டும் வந்தன. மூன்றும் பிழைத்தன. மொழுக்கியும் பிழைத்தாள். எழுந்து நிற்கக்கூட முடியாமல், படுத்த இடத்திலிருந்தே படுக்கையைத் தின்ன ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான் அந்த இனத்துத் தாய்மார்கள் குட்டிகளை நெடுநாள் வயிற்றில் நிறுத்தி வைக்கிறார்கள். குட்டிகளும் முடியோடு, பல்லோடு, கண்ணைத் திறந்துகொண்டு பிறந்து, தாய் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே என்ன விரித்திருக்கிறது என்று பார்க்கின்றன.