எத்தனை இட்லி எதிர்பார்க்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் வேலை கேட்டுப் போனால் சட்டென்று முடிகிறதா? ஒவ்வொரு அறையிலும் ஒரு பயல் உட்கார்ந்துகொண்டு, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்கிறான். கொடுக்கப் போகிறவன் நீதானே, நீ முதலில் சொல்லேன்! சொல்லமாட்டான். புதுச் சங்கதி இல்லை இது.

முன்னே, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். அவருடைய சமையல்காரன் ஓடிப்போய்விட்டான். புது ஆள் தேடும்போது ராஜாவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. "இந்த அரண்மனையில் யார் எதைக் கேட்டாலும், கொடுப்பவர் மனத்தில் உள்ள அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால் பேராசை. குறைத்துச் சொன்னால் அருமை தெரியாதவர். இருவருக்கும் கிடையாது" என்று முரசறையச் சொன்னார்.

மந்திரி பொன்னம்பலனாருக்குக் கொண்டாட்டம். வேலைக்கு வந்தவர்களை எல்லாம் சொந்த அரிசி, சொந்த நெய்யில் சமைத்துக் காட்டச் சொன்னார். தின்றார். ஏப்பம் விட்டார். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி தின்றார்.

மாராயி என்றொரு சமையல்காரி இப்படிச் சமைத்துக் காட்டியே வீட்டு அரிசிப் பானையைக் காலி செய்துவிட்டாள். கடைசியில், "நாளை வந்து சம்பளம் சொல்" என்றார்கள். தப்பாகச் சொன்னால் வேலை இல்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சியும் இல்லை. அரண்மனை விகடன் கோணாண்டியிடம் ஓடினாள்.

"ராசா மனசுக்குள்ள நான் எப்படிண்ணே எட்டிப் பார்க்கிறது?"

"மனசு எதுக்குத் தாயி? வயித்தைப் பார்த்தாப் போதும். நாளைக்கு இட்லி அவிச்சுக் கொண்டா. மூடியைத் திறக்காதே."

இது மந்திரி காதுக்குப் போயிற்று. கோணாண்டியை ஒழிக்க இதுதான் சமயம் என்று, "அவள் தோற்றால் உமக்கும் இங்கே வேலையில்லை" என்றார். கோணாண்டி, "ஆகட்டும்" என்றான்.

மறுநாள் சபையில் ஆவி பறக்கும் இட்லிப் பானை. சட்னி தாளித்த வாசனை சிம்மாசனம் வரைக்கும் ஏறியது. "கொண்டு வா!" என்றார் ராஜா.

கோணாண்டி பானை மூடிமேல் உட்கார்ந்தான். சுட்டதும் துள்ளி எழுந்தான். பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, "மகாராஜா, எத்தனை இட்லி எதிர்பார்க்கிறீர்கள்?" என்றான்.

"பத்து!"

"பேராசைங்க" என்றாள் மாராயி.

"சரி, இரண்டு."

"என் இட்லியோட அருமை தெரியலையே உங்களுக்கு!"

மந்திரி குதித்தார். "மன்னரிடமே திமிரா?"

"மந்திரியாரே, யார் கேட்டாலும் என்றுதானே முரசறைந்தார்கள்? மன்னர் நீங்கலாக என்று என் காதில் விழவில்லையே" என்றான் கோணாண்டி.

ராஜாவின் வயிறு உறுமியது. "அம்மா, பிறகு எப்போதுதான் கொடுப்பாய்?"

மாராயி முந்தானையை இடுப்பில் செருகினாள். "போயிட்டு வாங்க. சொல்லி அனுப்பறோம்."

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று உருண்டது! "தோற்றேன், மூடியைத் திற! ஐந்து பொன் நினைத்திருந்தேன், பத்தாகத் தருகிறேன்" என்றார். மந்திரி தின்ற கதையும் சபையில் வெளிவர, அதற்கு ஈடாக அவர் வீட்டு நெல் வண்டியேறி மாராயி வீட்டுக்குப் போயிற்று. கோணாண்டிக்கு முத்துமாலை.

இப்படித்தான் சொல்கிறார்கள். ராஜா சிரித்தது வரை சரி. பசியில் இருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான். தின்று கை கழுவிய பிறகும் அந்தப் பத்துப் பொன் மாதாமாதம் வந்ததா என்று கேட்டால், ஒருத்தனும் வாய் திறக்கக் காணோம். என்னமோ போங்கள். நான் கிளம்புகிறேன்.