உக்கிராணத்தார் நகர்த்திய ஜாடி

மணிக்கரைச் சீமைக்குக் கோதண்டபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். பெயருக்குத்தான் அவர் ராஜா. சீமையை ஆண்டதெல்லாம் முத்திரைச் சீட்டு. அரண்மனைப் பொருள் ஒரு துரும்பு அசைய வேண்டுமானாலும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைக் கொடுக்கிறவர் அரண்மனைச் சரக்கறையைப் பார்த்துவந்த உக்கிராணத்தார் வீரப்பெருமாள். அவர் வீட்டில் ஏடு மட்டும் மூன்று வண்டி தேறும். அத்தனை படிப்பு.

ராஜா ஒரு வைத்தியப் பாடசாலை நடத்தினார். அங்கே பிள்ளைகளுக்கு மருந்து செய்யக் கற்றுக்கொடுக்கப் பாஷாணம், கந்தகம், பாதரசம், திராவகம் என்று வருஷா வருஷம் ஜாடி ஜாடியாக வந்து இறங்கும். மிச்சமானது, கெட்டுப்போனது எதையும் வெளியே எறிய முடியாது. சீட்டு இல்லையே! பதினொரு வருஷத்துக் கழிவு, பிள்ளைகள் உட்காரும் அறையிலேயே சுவரோரமாக அடுக்கிக் கிடந்தது. மேலே எழுதியிருந்த பெயர்களெல்லாம் அழிந்து, எதில் என்ன என்று வாத்தியாருக்கே தெரியாது.

பாடசாலை கூட்டுகிறவள் மாடத்தி. எழுத்து தெரியாதவள். ஆபத்து அவளுக்கு மட்டும் தெரிந்தது. மூன்று தடவை உக்கிராணத்தார் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, ஒரு ஜாடி கசியுது. வாடை மூக்கைத் துளைக்குது. பிள்ளைங்க இருக்கிற இடம்."

"ஏட்டில் கசிவு என்று ஒன்றும் இல்லையே அம்மா. போய்ப் பெருக்கு."

ஒரு நாள் அந்த ஜாடி விரிசல் விட்டுத் திராவகம் ஓடியது. இரண்டு பிள்ளைகள் புகையில் மயங்கி விழுந்தார்கள். மாடத்தி விளக்குமாற்றுக் கட்டையால் ஜாடியைத் தள்ளிவிட்டு, பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டாள். அவள் பாதம் வெந்து போயிற்று.

விசாரணை வந்தது. படித்தவர்கள் ஐந்து பேர், உக்கிராணத்தார் தலைமையில் உட்கார்ந்தார்கள். ஜாடி பதினொரு வருஷம் சும்மா இருந்தது; மாடத்தி நகர்த்தினாள்; ஆகவே குற்றம் மாடத்தியுடையது என்று கண்டுபிடித்தார்கள். 'சீட்டு இல்லாமல் ஜாடியை ஒரு சாண் நகர்த்தியவர் எவரானாலும் நாடு கடத்தப்படுவார்' என்று ஆணை பிறந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவள் எல்லையைத் தாண்ட வேண்டும். விசாரித்தவரே தீர்ப்பை மாற்றி எழுதினால் ஒழிய, ராஜாவே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. அதுவும் ஒரு சட்டம்.

சபையில் கருக்குவேல் என்று ஒரு விகடன் இருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவன் எழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். நகர்த்தாமல் இருந்தால் அந்த ஜாடிகளால் ஆபத்தே இல்லையாமே?"

"அப்படித்தான் உக்கிராணத்தார் எழுதியிருக்கிறார்."

"எழுதியது நானேதான்!" என்றார் உக்கிராணத்தார். "சின்னப் பிள்ளைகள் நடுவிலேயே வைக்கலாம்."

"ரொம்ப சந்தோஷம். பாடசாலையில் மாடத்தி மாதிரி கைகால் அசைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையை அசைக்காதவர்கள் உட்காருகிற இடம் இந்தச் சபைதான். ஒரு ஜாடியை இங்கே வைக்கச் சீட்டுக் கொடுங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் தலையசைக்க, உக்கிராணத்தார் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் கரி பிடித்த ஜாடி ஒன்றைக் கருக்குவேல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூக்கி வந்தான். உக்கிராணத்தாரின் ஆசனத்துக்கு அடியில் பதமாக வைத்தான்.

"ஓய்! இங்கே ஏன்?"

"நீர்தானே ஆபத்து இல்லை என்றீர்?"

உக்கிராணத்தார் நுனியில் உட்கார்ந்தார். பிறகு இடுப்புவலி என்று எழுந்து நின்றார். விசாரணையில் இருந்த மற்ற ஐவருக்கும் ஒரே சமயத்தில் இடுப்புவலி வந்தது. அந்த நேரம் பார்த்து ஜாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு துளிர்த்துத் தரையில் விழுந்தது.

"ஐயோ, கசியுது!" என்று அலறிய உக்கிராணத்தார் கைத்தடியால் ஜாடியை ஒரே தள்ளு தள்ளினார். அது தூண் பக்கம் போய் நின்றது.

கருக்குவேல் குனிந்து கையை விரித்து அளந்தான். "மகாராஜா, ஏழு சாண். மாடத்தி நகர்த்தியது மூன்றே சாண்."

ராஜா மீசையைத் தடவினார். "உக்கிராணத்தாரே, உம்மிடம் சீட்டு இருந்ததா?"

"மகாராஜா! மனுஷர் இருக்கிற இடத்தில் விஷம் கசிந்தால் தள்ளிவிடாமல் என்ன செய்வது? அது குற்றமா?"

"அது குற்றமில்லை என்று எழுதிக் கொடுப்பீரா?"

"இதோ!" அவர் எழுத்தாணியை அவ்வளவு வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

கருக்குவேல் அந்த ஓலையை வாங்கி ராஜாவிடம் கொடுத்தான். "விசாரித்தவர் கையாலேயே மாடத்தி தீர்ப்பு மாறிவிட்டது, மகாராஜா."

ராஜா உடனே அவளை அழைத்துவரச் சொன்னார். மாடத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். இனி ஜாடிகளை என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டார்.

"தீப்பிடிக்கிறதையும் திராவகத்தையும் சேர்த்து வைக்கப்படாது, சாமி. மணல் போட்ட கூடையில தனித்தனியா வைக்கணும். கிணத்துப் பக்கம் புதைச்சிடக் கூடாது. பக்குவம் தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் கூட இருக்கணும்."

"இதற்கு ஒரு குழு போட வேண்டும்," என்றார் உக்கிராணத்தார். "ஆறு மாதமாவது ஆகும்."

"தாராளமாக," என்றான் கருக்குவேல். "குழு அந்த ஜாடிகள் இருக்கிற அறையிலேயே உட்காரட்டும்."

உச்சிப்பொழுதுக்குள் எல்லா ஜாடிகளுக்கும் சீட்டு வந்துவிட்டது.

ராஜா தூணோரம் பார்த்தார். "அடே, முதலில் இதை வெளியே கொண்டுபோ."

கருக்குவேல் ஜாடியைத் தூக்கினான். மூடியைத் திறந்தான். கடகடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"புது மண் ஜாடி, மகாராஜா, கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரியை நான்தான் பூசினேன். உள்ளே இருந்தது என் காலை நீராகாரம்."

"மோசடி!" என்று குதித்தார் உக்கிராணத்தார். "நான் விஷ ஜாடியை நகர்த்தவே இல்லை!"

"உண்மைதான், ஐயா. ஆனால் பெயர் எழுதாத ஜாடியைப் பார்த்தால் உமக்கே கஞ்சித் தண்ணீர் எது, விஷம் எது என்று தெரியவில்லை. அதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று பதினொரு வருஷம் விட்டு வைத்தீரே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடிக்கக்கூட உக்கிராணத்தார் கை நீட்டவில்லை. சீட்டு இல்லையே!