சடைச்சியின் முதுகு

கரட்டுக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தது. உடம்பெல்லாம் அதற்கு நீள நீளமாய் முடி. அதில் புழுதி இருக்கும், முள் இருக்கும், தேனடையின் மெழுகுகூட ஒட்டியிருக்கும். இருந்தால் என்ன? அந்த முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அதன் குட்டி பிஞ்சு, அம்மா முதுகில் உட்கார்ந்து காடெல்லாம் சுற்றி வந்தது.

பக்கத்துப் பாறையில் ஒரு சிறுத்தை. பிஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு எச்சில் ஊறும். ஆனால் கரடி முதுகில் இருக்கிற குட்டியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? சிறுத்தை தின்ற மிச்சத்தை நக்கிப் பிழைக்கிற நரி ஒன்றும் அங்கே இருந்தது. இந்தக் குட்டி என்றைக்காவது கீழே விழாதா என்று அதுவும் காத்துக்கிடந்தது.

கோடையில் எல்லாக் குட்டையும் வற்றி, ஒன்றே ஒன்று மிஞ்சியது. மத்தியானமானால் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். மான் உடம்பை நக்கிக்கொள்ளும். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். சடைச்சி வந்தால் மட்டும் நரி மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

"வந்துட்டாங்கய்யா மகாராணி! அது முதுகா, குப்பைமேடா?"

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. மானும் சிரித்தது. அந்த மானை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! போன மாதம் செந்நாய்கள் வளைத்தபோது குறுக்கே பாய்ந்து அதைக் காப்பாற்றியதே சடைச்சிதான். நன்றி கெட்ட ஜென்மம்!

நாலு நாள் சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. ஐந்தாம் நாள் கத்திவிட்டது.

"இப்ப என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

நரி குழைந்துகொண்டு கிட்டே வந்தது.

"நல்லதுக்குத்தானே சொல்றேன், அக்கா! குட்டையில நண்டுங்க இருக்கு. கொடுக்கால ஒட்ட நறுக்கிவிடும். அப்புறம் இலுப்பைக் கொட்டையை நசுக்கி எண்ணெயைத் தடவிக்கோ. பளபளன்னு ஆயிடுவே! அப்புறம் எவன் சிரிக்கிறான்னு பார்ப்போம்!"

சடைச்சி கரையில் படுத்தது. நண்டுகள் முதுகில் ஏறி நறுக்க ஆரம்பித்தன. கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. பிஞ்சு ஓடிவந்தது.

"அம்மா, வேணாம்மா! அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கறது?"

"சும்மா கிட! எல்லாரும் என்னைக் காறித் துப்புறாங்க. உனக்கு உன் சவாரிதான் பெருசு!"

அடி பாவி மகளே! கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அந்தப் பிஞ்சு வாய் கேட்டது. அதை ஒரே அதட்டில் அடக்கிவிட்டாயே!

எண்ணெயும் தடவியாயிற்று. "ஆகா, என்ன அழகு!" என்றது நரி. சொன்ன கையோடு பாறைக்கு ஓடியது.

"அண்ணே, எழுந்திருங்க! முதுகு மொழுமொழுன்னு இருக்கு. இன்னைக்கு நிக்காது குட்டி!"

சடைச்சி பிஞ்சைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியபோது சிறுத்தை புதரிலிருந்து பாய்ந்தது. சடைச்சி ஓடியது. பிஞ்சு இரண்டு கையாலும் துழாவியது. பிடிக்க ஒரு முடிகூட அகப்படவில்லை. வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"அம்மா!"

சிறுத்தை அதன் பின்னங்காலைக் கவ்விவிட்டது. சடைச்சி திரும்பியது. பின்கால்களில் எழுந்து நின்று, காடே அதிரக் கத்திக்கொண்டு சிறுத்தையின் முகத்தில் ஓங்கி அறைந்தது. சிறுத்தை குட்டியைப் போட்டுவிட்டு ஓடியது. குட்டி உயிர் தப்பியது. ஆனால் பிஞ்சின் கால் அப்புறம் நேராகவே இல்லை.

சில நாள் கழித்து இரண்டும் மெல்லக் குட்டைக்கு வந்தன. நரி வாயில் அடித்துக்கொண்டது.

"ஐயையோ! குட்டிக்கு என்ன ஆச்சு, அக்கா?"

மரத்திலிருந்த குரங்கு ஒன்று சொன்னது. "இந்த நரிதான் சிறுத்தைகிட்ட ஓடிப்போய்ச் சொல்லிச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்!"

"பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா இருந்தே? சிரிக்க மட்டும் வாய் இருந்துச்சா?" என்று சீறியது சடைச்சி. குரங்கு தலையைத் தொங்கப் போட்டது.

சடைச்சி நரியின் கழுத்தை அமுக்கிப் பிடித்தது. நரி கீச்சிட்டது.

"என்னை ஏன் அடிக்கிறே? நான் சும்மா சொன்னேன். முதுகைக் காட்டிப் படுத்தது யாரு? குட்டி கேட்டப்போ அதட்டினது யாரு?"

"நான்தான்! அதுக்கு ஆயுசுக்கும் நான் அழுதுக்கறேன். நீ செஞ்சதுக்கு நீ வாங்கிக்கோ!"

ஒரே அறை. நரியின் முன்பற்கள் தெறித்தன. அன்று போனதுதான், அந்தக் காட்டுப் பக்கமே அது திரும்பவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

சடைச்சி குட்டியின் முன்னால் குனிந்தது. "ஏறிக்கோடா கண்ணு. மெதுவாத்தான் போவேன்."

பிஞ்சு அம்மாவின் முதுகைப் பார்த்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"வேணாம்மா. நான் நடந்தே வரேன்."

நொண்டி நொண்டி அது பின்னால் வந்தது. சடைச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

சிரிக்கிறவர்களின் வாயை அடைப்பதற்காக, நம்மை நம்பியிருக்கும் பிள்ளையின் பிடியை நாமே அறுத்துவிடக் கூடாது.