ஆசிமொழி இல்லாத எண்ணிக்கை

பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி ஏழு வாரம், தினமும் இருட்டியதும் எழுந்து நின்று, ஆசிமொழி சொல்லி, இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணுவது யூதர்களின் வழக்கம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குணம் உண்டு. அதை வைத்துத் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளை முழுதாகத் தவறவிட்டவர் மீதி நாட்களில் ஆசிமொழி சொல்வதில்லை. வெறுமனே எண்ணிக்கொண்டு போவார்.

கொச்சியில் மிளகு வியாபாரம் செய்த நப்தலி, விவரம் தெரிந்த நாளிலிருந்து எண்ணத் தவறியதே இல்லை. அந்த வருடம் தவறினான். மறுநாள் இருட்டியதும் தன் ஆசான் எஸ்ராவின் வீட்டுக்கு ஓடினான்.

எஸ்ரா எண்ணுவதற்காக எழுந்து நின்றிருந்தார். வாய் திறக்கப் போன நேரம். வாசலில் நப்தலியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"உள்ளே வா. உட்கார்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை.

"ஆசானே, நேற்று எண்ணாமல் விட்டுவிட்டேன்."

"ஏன்?"

"மனாசே போய்விட்டான்."

மனாசே அவனுடைய தம்பி. அப்பா இறந்தபோது கோழிக்கோட்டில் இருந்தவன், அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். கல்லறையருகே, ஊரார் முன்னால், "இனி என் வாசலை மிதிக்காதே" என்று நப்தலி கத்தினான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"முந்தாநாள் வீட்டுக்கு வந்தான், ஆசானே. நான் எண்ணுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அவன் வாசல்படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று, 'அண்ணா' என்றான்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. பொறு என்று கையைக் காட்டினேன்."

"பிறகு?"

"எண்ணினேன். கண்ணை மூடி அன்றைய குணத்தைத் தியானித்தேன்."

"என்ன குணம்?"

நப்தலி தரையைப் பார்த்தான்.

"கருணை."

தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். நப்தலி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடியிருந்தேன், ஆசானே. கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். திறந்து பார்த்தபோது தெருவில் அவன் இல்லை. கோபித்துக்கொண்டு போயிருப்பான், நாளைக்கு வருவான் என்று படுத்துவிட்டேன். காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மனைவி மக்களோடு எருசலேமுக்குக் கப்பல் ஏறுகிறான் என்று. துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பலின் புகைதான் தெரிந்தது."

"திரும்பி வருவானா?"

"வீட்டுச் சாமான்களையெல்லாம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்."

எஸ்ரா அவன் தோளில் கை வைத்தார்.

"இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எண்ண வேண்டும் என்ற நினைவே இல்லை. இன்று பகலில் ஆசிமொழி இல்லாமல் எண்ணியிருந்தால்கூட நாள் தவறியிருக்காது, அப்போதும் நினைவு வரவில்லை. நினைவு வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது."

வெளியே வானம் முழுக்க நட்சத்திரங்கள் நிறைந்திருந்தன. நப்தலி திடுக்கிட்டு எழுந்தான்.

"ஆசானே! நீங்கள் இன்னும் எண்ணவில்லையே. என்னால் நேரம் போய்விட்டதே."

"எங்கே போய்விட்டது? விடியும்வரை ஆசிமொழியோடு எண்ணலாமே. உனக்குத் தெரியாதா?"

நப்தலி திரும்பித் தெருவைப் பார்த்தான்.

"தெரியும்" என்றான்.

எஸ்ரா விளக்கின் திரியை ஏற்றிவிட்டு, அவனைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இருவரும் சேர்ந்து எண்ணுவோம். ஆசிமொழியை நான் சொல்கிறேன். நீ எண்ணிக்கையை மட்டும் சொல்."

"கடைசி வாரம் வரைக்குமா?"

"கடைசி நாள் வரைக்கும்."

"சிறுவயதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை, ஆசானே. நேற்று ஒரே ஒரு நாள். அதுவும் தம்பிக்காகத் துறைமுகத்தில் கிடந்தேன். அதற்காகவா ஆசிமொழி இல்லை?"

எஸ்ரா அவன் முகத்தைப் பார்த்தார்.

"நேற்றை நான் சொல்லவில்லை, நப்தலி" என்றார்.