நூற்றெட்டுக் குடமும் அடைத்த வடிகாலும்

கொன்றைமாநகர் என்று ஒரு சீமை. அதை விசயகீர்த்தி என்று ஒரு ராஜா ஒரு காலத்தில் ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நினைத்தது நடக்காவிட்டால் அன்றைக்கு யார் தலை உருளும் என்று தெரியாது, அவ்வளவுதான்!

ஊர் பெருத்துப்போனதால் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் கீர்த்திபுரம் என்று ஒரு புதுக் குடியிருப்பு எழும்பியது. அரண்மனையிலிருந்து அங்கே போகும் புதுச் சாலை, குறுக்கே இருந்த வடிகாலைச் சுற்றி வளைந்து போயிற்று. ராஜா உப்பரிகையில் நின்று பார்த்து, "அந்த வளைவு கண்ணை உறுத்துகிறதே" என்றார்.

சாலை வேலைக்குத் தலைவன் பூபதிராயன். மந்திரி மழவராயரை முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு நெடுநாள் ஆசை. "வடிகாலைத் தூர்த்துவிட்டால் சாலை அம்பு மாதிரி ஓடும், மகாராஜா. இரண்டு வருஷமாக மழையே இல்லை. வடிகால் எதற்கு?" என்றான்.

மழவராயரும் பக்கத்தில்தான் நின்றார். பள்ளத்துத் தண்ணீருக்கு அந்த ஒரு வழிதான் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் ராஜா அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மந்திரி வாயை மூடிக்கொண்டார். அந்த நாளை வரவே இல்லை. வடிகால் மண்ணுக்குள் போயிற்று. அதன்மேல் மேடாகச் சாலை வந்தது. ஆடிதோறும் வடிகாலில் இறங்கி வண்டல் வாரிவந்த நீர்க்கட்டி உலகனையும், இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆவணியில் ஒரே ஒரு பெருமழை. சாலை கரைபோல நின்று தண்ணீரைத் தேக்கியது. கீர்த்திபுரத்துக்குள் இடுப்பளவு வெள்ளம். வேலை போனவன் என்றாலும் உலகன் வீட்டில் இருக்கவில்லை. வடிகால் வாயைத் துழாவித் திறந்துவிடலாம் என்று முங்கினான். மூன்றாம் நாள்தான் கிடைத்தான். விரல் நகமெல்லாம் மண்.

"குடித்துவிட்டு விழுந்தான்" என்று சபையில் கூசாமல் சொன்னான் பூபதிராயன்.

மழவராயர் அன்றைக்கு வாயைத் திறந்தார். "சாலையை வெட்டி வழிவிட வேண்டும், பிரபு. ஐப்பசி அடைமழைக்குக் கீர்த்திபுரமே மிஞ்சாது."

"என் சாலையை வெட்டச் சொல்கிறவன் நாக்கை முதலில் வெட்டுவேன்!" என்றார் ராஜா.

புரட்டாசியில் ராஜாவின் பிறந்த நட்சத்திரம் வந்தது. அன்று அவருக்கு நூற்றெட்டுக் குடம் மஞ்சள் நீராட்டு. தொட்டிபோல் பள்ளமான சிறிய கல் மண்டபம், நடுவே பீடம். முதல் குடம் விழுந்தபின் கடைசிக் குடம் வரை ராஜா எழக்கூடாது, எழுந்தால் ஆயுளுக்கு ஆகாது என்பது அந்த வம்சத்து வழக்கம்.

இருபதாம் குடத்தில் ராஜாவின் கணுக்கால் முழுகியது. நாற்பதில் முழங்கால். அறுபதில் உட்கார்ந்திருந்தவர் இடுப்புவரை தண்ணீர், குளிரில் பல் கிட்டிப்போயிற்று.

"தண்ணீர் ஏன் வடியவில்லை? துவாரம் எங்கே?"

"நேற்றே அடைத்துவிட்டேன், பிரபு," என்றார் மழவராயர். "தரை ஒரே சீராக இல்லாமல் கண்ணை உறுத்தியது."

"பூபதிராயா, ஏதாவது செய்!"

பூபதிராயன் குதித்தான். இரண்டு கையாலும் அடியில் துழாவினான், வழுக்கினான், ஒரு வாய் குடித்தான், தலைப்பாகை போய் எழுந்தான். சபை கொல்லென்று சிரித்தது. மழவராயர் சிரிக்கவில்லை.

"நன்றாகத் துழாவும், பூபதிராயரே. உலகனும் இப்படித்தான் துழாவினான். நீரும் குடித்திருக்கிறீரோ?"

சிரிப்பு நின்றுபோயிற்று. பூபதிராயன் தலை நிமிரவில்லை. ராஜா தண்ணீரில் கையை விட்டு ஆழம் பார்த்தார்.

"எத்தனை குடம் ஆயிற்று?"

"அறுபத்து நான்கு. இன்னும் நாற்பத்து நான்கு இருக்கிறது."

"உடையும், மந்திரியாரே."

"துவாரத்தையா, சாலையையா, பிரபு?"

"இரண்டையும்" என்றார் ராஜா.

சாலையில் முதல் மண்வெட்டியைப் பூபதிராயனே போட வேண்டியிருந்தது. கீர்த்திபுரத்துச் சனம் திரண்டு நின்று பார்த்தது. ஐப்பசிக்குள் வடிகால் திறந்துவிட்டது. அடைமழை வந்தும் அங்கே ஓர் அடுப்பும் நனையவில்லை. ராஜா மந்திரிக்குச் சால்வை போர்த்தி, "உம்மைப்போலப் புத்திசாலி உண்டா!" என்று மெச்சினார்.

மறுநாள் மழவராயர் உலகன் வீட்டுக்குப் போனார். நீர்க்கட்டி வேலை இனி அந்தக் குடும்பத்துக்கே என்று சொல்லத்தான் போனார். அவன் மனைவி வெள்ளச்சி எழுந்து கும்பிட்டாள்.

"ராசாவையே தண்ணியில உக்கார வச்சீங்களாமே, சாமி."

"ஆமாம், தாயி."

"வடிகாலத் தூத்தா வெள்ளம் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியும்" என்றார்.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. "அப்ப இந்தப் புத்திய மழைக்கு முன்னால காட்டியிருக்கக் கூடாதா, சாமி? அவரு இருந்திருப்பாரே."

எத்தனையோ சபைகளில் எத்தனையோ பேரை மடக்கிய மனிதர். அன்றைக்கு, நீர்க்கட்டி வேலைச் சேதியை மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்கப்புறம் நூற்றெட்டுக் குடத்துக் கதையை யாராவது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தால், மழவராயர் எழுந்து வெளியே போய்விடுவாராம்.