கார் சொன்ன நிறம்

உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே மூணாங்கல்பாளையம் என்று ஓர் ஊர். அங்கே பழங்கார் காப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் மூன்று பேர், கார் ஒன்று, மூளை அந்த அளவுகூட இல்லை. அவர்களைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். பைத்தியத்துக்கு மருந்து இருக்கிறது.

தலைவர் ரங்கநாயகம், கயிறு மில் வைத்திருப்பவர். செயலாளர் நாச்சிமுத்து, தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ஒரு மேஜைக் காகிதத்தை அடுத்த மேஜைக்கு நகர்த்தி ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் திருமூர்த்தி. சங்கம் என்றால் மூன்று பேராவது வேண்டும் என்று யாரோ சொன்னதால் சேர்த்துக்கொண்டது.

கார் 1938-ல் செய்தது. ரங்கநாயகத்தின் மாமனார் வாங்கியது. அவருக்குப் பிறகு மகள் சரோஜினிக்கு, அதாவது ரங்கநாயகத்தின் மனைவிக்கு வந்தது. தக்காளிச் சிவப்பில் ஷெட்டில் நின்றது. கோயம்புத்தூரில் பழைய கார் கண்காட்சி வருகிறது என்று தெரிந்ததும் சங்கத்துக்கு ஆசை வந்துவிட்டது. கண்காட்சியில் ஒரே ஒரு நிபந்தனை: கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன நிறமோ, அதே நிறத்தில் கார் இருக்க வேண்டும்.

"எனக்கு நெனவு தெரிஞ்சப்பவே இது செவப்புதான். அதுக்கு முந்தி என்னன்னு தெரியாது" என்றாள் சரோஜினி. "ரெண்டு மாசம் தர்றேன். எங்கப்பா வாங்குனப்ப இருந்த மாதிரி ஆக்கிக் காட்டுங்க. இல்லீன்னா மேட்டுப்பாளையத்துல இருந்து எந்தம்பி வந்து ஓட்டிட்டுப் போயிருவான். அவனாவது ஒழுங்கா வெச்சுக்குவான்."

ரங்கநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மில்லைக் கேட்டால்கூட மச்சானுக்குக் கொடுத்துவிடுவார். காரை மட்டும் மாட்டார்.

கண்காட்சி நடுவர் பெஞ்சமின் என்பவருக்குப் போன் போட்டார்கள். அவர் நல்ல மனிதர். இவர்களை அதுவரை பார்த்ததில்லை.

"ஒரு மூலையில ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க சார். அடுக்கு அடுக்கா வரும். அசல் நிறம் என்னன்னு காரே சொல்லிடும்" என்றார்.

சுரண்டினார்கள். சிவப்புக்குக் கீழே நீலம் வந்தது, நீலத்துக்குக் கீழே சந்தன நிறம் வந்தது, அதற்கும் கீழே இன்னொரு நிறம் வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னால்தானே? கார் சொல்லப் போவதைக் கேட்பதற்காக மூவரும் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். சுரண்டிச் சுரண்டி வெறும் தகரம் வந்துவிட்டது. கார் மூச்சு விடவில்லை.

"கதவுல காத வெச்சா எப்படிங்கண்ணா கேக்கும்?" என்றார் திருமூர்த்தி. "வாய்கிட்டல்ல வெக்கோணும்?"

"காருக்கு வாய் ஏதப்பா?"

"ஹாரன் இருக்குதுங்களே."

இதற்கு ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தலைவர் ஹாரனை அமுக்கினார். "பாம்" என்றது.

நாச்சிமுத்து நோட்டில் 'பாம்' என்று எழுதி, கீழே கோடு போட்டார். "பா-வுல ஆரம்பிக்குது. பால் வெள்ளையா இருக்கும்."

"பாக்கு நெறமா இருந்தா?" என்றார் தலைவர்.

"பாசிப்பச்சைன்னு சொல்ல வந்திருக்கும். வயசாயிருச்சு பாருங்க, பாதியில மூச்சு வாங்குது" என்றார் திருமூர்த்தி.

இன்னும் தெளிவாகச் சொல்லட்டும் என்று நாற்பது தடவை அமுக்கினார்கள். கடைசியில் பேட்டரி செத்தது. திருமூர்த்தி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்.

மறுபடி பெஞ்சமினுக்குப் போன். அவர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெயில் படாத இடத்துல பாருங்க. அங்கதான் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கும்" என்றார்.

இங்கேதான் நாச்சிமுத்துவின் முப்பது வருஷ சர்வீஸ் கைகொடுத்தது. "கதவைத் தெறந்தா வெயில் பட்டுரும். அப்புறம் அது வெயில் பட்ட எடம் ஆயிரும். விதிப்படி செல்லாது" என்றார்.

பட்டப்பகலில் காருக்கு மேல் மூன்று தார்ப்பாய் போட்டு, ஓட்டைகளையெல்லாம் சாக்கால் அடைத்து, உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டார்ச் கூடாது என்று முடிவு. கால் மணி நேரம் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்தார்கள்.

"சுத்தக் கருப்புங்க அண்ணி" என்றார் திருமூர்த்தி. "சீட்டு, கூரை, எங்க கையி, எல்லாமே கருப்பு."

சரோஜினி உள்ளே போய் ஒரு பழைய போட்டோவை எடுத்து வந்தாள். கார் வாங்கிய அன்று அவள் அப்பா பக்கத்தில் நின்று எடுத்தது. "டயரைப் பாருங்க, கருப்பு. காரு அந்த மாதிரியா இருக்குது?"

மூன்று தலைகளும் போட்டோவுக்கு மேலே கவிந்தன.

"சாம்பல் நெறம்!" என்றார் தலைவர்.

"மாமாவும் சாம்பல் நெறமாத்தான் இருக்காருங்க" என்றார் நாச்சிமுத்து.

"நான் பொண்ணு பாக்கப் போனப்ப மாநிறமாத்தான் இருந்தாரு" என்று ரங்கநாயகம் யோசித்தார். "அவருக்கும் நடுவுல யாராச்சும் பெயிண்ட் அடிச்சிருப்பாங்களோ?"

"அது கருப்பு வெள்ளைப் போட்டோங்க!" என்று சரோஜினி கத்தினாள்.

திருமூர்த்தி நிதானமாகக் கேட்டார். "அப்பக் காருல பாதி கருப்பு, பாதி வெள்ளைங்களா அண்ணி?"

சரோஜினி விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனாள். தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டு, பின் சீட்டைத் தூக்கினாள். அடித்தகட்டில் கையால் தூசியைத் துடைத்தாள். அங்கே அடர்ந்த பாசிப்பச்சை, நேற்று அடித்ததுபோல் மின்னியது. மொத்தம் பத்து விநாடி ஆகியிருக்கும். அவள் அந்தப் பச்சையை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள்.

பின்னால் மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"காரு அன்னைக்கே சொல்லுச்சே!" என்று நாச்சிமுத்து அழுதார். "நாமதான் அதை நம்புல!"

பெயிண்ட் அடிக்கிற வேலையைச் சரோஜினி பொள்ளாச்சி பெயிண்டர் ஒருவரிடம் விட்டாள். வேலை முடிகிறவரை ஷெட் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதனால்தான் கார் நன்றாக வந்தது.

கண்காட்சியில் பெஞ்சமின் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "அச்சு அசல் நிறம். எத்தனையோ வருஷமா நடுவரா இருக்கேன், இவ்வளவு சரியா யாரும் பிடிச்சதில்ல" என்றார். சரோஜினி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"ஒரே ஒரு குறை" என்றார் பெஞ்சமின். "நேத்து வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. பழைய கார்னா பார்த்த உடனே வயசு தெரியணும். பரவாயில்ல, முதல் பரிசு உங்களுக்குத்தான்னு நினைக்கிறேன். சாப்பிட்டுட்டு வந்து அறிவிக்கிறேன்."

சரோஜினியும் சாப்பிடப் போனாள். அந்த அரை மணி நேரம் காரைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

திரும்பி வருகையில் காரைச் சுற்றிக் கூட்டம். பெஞ்சமின் விலக்கிக்கொண்டு முன்னால் போனார், பின்னாலேயே சரோஜினி. பாசிப்பச்சை பானெட்டில், பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதுகிற அளவுக்குப் பெரிய வெள்ளை எழுத்து. ஈரம் இன்னும் காயவில்லை.

'வயது 86 முடிந்து 87 நடப்பு.'

பெஞ்சமின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சரோஜினி கணவர் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்ச வயசு போடறதா, நடப்பு வயசு போடறதான்னு கொஞ்சம் தகராறு வந்துருச்சுங்க. அதான் ரெண்டையும் போட்டுட்டோம்" என்றார் ரங்கநாயகம்.

திருமூர்த்தி பிரஷ்ஷோடு பணிவாக முன்னால் வந்தார். "நட்சத்திரம் மட்டும் தெரியலீங்க சார். தெரிஞ்சாச் சொல்லுங்க, டிக்கியில எடம் விட்டு வெச்சிருக்கறோம்."