நல்ல தெருவுக்கு வந்த தார்

ஒரு ஊரில் அக்காவும் தங்கையுமாக இரண்டு தெருக்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அக்கா பெயர் கிணற்றுத் தெரு, தங்கை பெயர் தபால் தெரு. நகராட்சி ஒரே வருஷத்தில்தான் இருவருக்கும் தார் போட்டது. ஆனால் இப்போது அக்காவைப் பார்க்கச் சகிக்காது. மேனியெல்லாம் குழி. தங்கையோ, தலைமுடி மாதிரி ஓடிய ஏழெட்டுக் கீறல்களைத் தவிர, லட்சணமாகத்தான் இருந்தாள்.

அக்கா இப்படி ஆனபிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் தங்கை வழியாகவே போனார்கள். அதில் ஜெபக்கனியும் ஒருத்தி. ஏழு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. குலுங்காமல் போய் வரணும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாராவாரம் அவள் ஆட்டோவில் வரும்போது தபால் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கணுமே என்று அவளுக்கு ஒரே கவலை.

புரட்டாசி முடியப்போகும் சமயம், சாலைப் பணியாளர் மாசானம் தள்ளுவண்டியில் அடுப்பையும் ஒரு டின் தாரையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மழைக்கு முன்னால் அந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு டின்தான்.

“ஏட்டி, எங்கெல்லாம் கீறியிருக்கு, காட்டு,” என்றது சூடாகிக்கொண்டிருந்த தார்.

“எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். எங்க அக்காவைப் போய்ப் பாரு,” என்றாள் தபால் தெரு.

“நல்லா இருக்கும்போதுதான் நான் வரணும். உங்க அக்காவுக்கு ஜல்லி வேணும், ரோலர் வேணும், வரப்போற மழையும் ஓயணும். என்னை அவ குழியில ஊத்தினா நாலு நாள் தாங்காது. உனக்குன்னா நான் ஒருத்தன் போதும்.”

“அவ வலியோட கெடக்கா. நான் மருந்து குடிக்கணுமாக்கும்? மனசு வரல, போ.”

இவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே கிணற்றுத் தெருவில் குடியிருக்கும் ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ஓய் மாசானம், உமக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எங்க தெரு சீரழிஞ்சு கெடக்கு. இங்க நல்லா இருக்குற ரோட்டுக்கு மை தீட்ட வந்திருக்கீரு.”

“இன்ஜினீயர் சொன்னாரு அண்ணாச்சி. தண்ணி உள்ள எறங்குறதுக்கு முன்னாடி கீறலை அடைச்சிரணுமாம்.”

“அவருக்கென்ன, ஃபேனுக்கு அடியில உக்காந்து என்ன வேணாலும் சொல்லுவாரு. வண்டியைத் திருப்பும்.”

ஆவுடையப்பனைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் குழிகளில் ஸ்கூட்டரோடு இரண்டு தடவை விழுந்து எழுந்த மனுஷன். மாசானமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். வண்டி திரும்பியது. தபால் தெருவுக்கு அப்பாடா என்று இருந்தது.

கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்ததும் முதல் குழி சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மாசானம் தள்ளினார். ஆவுடையப்பனும் கூடச் சேர்ந்து தள்ளினார். அசையவில்லை.

“விடு தாயி, உனக்காகத்தான் வாரேன்,” என்றது தார்.

“எனக்கு வேண்டாம். வந்த வழியே போ,” என்றாள் கிணற்றுத் தெரு.

“உன் தங்கச்சியும் இதையேதான் சொன்னா. ரெண்டு பேரும் என்னை அலைக்கழிக்கீங்களா?”

“அவளுக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த ஆவுடையப்பன் மக கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட, கடப்பாரையால என் மேல நாலு குழி போட்டாங்க. கல்யாண வீடு, எனக்கும் சந்தோஷம்தான். பந்தலைப் பிரிச்சவங்க குழியை அடைக்கல. மழைத்துளி ஒண்ணு வந்து ஒதுங்க இடம் கேட்டுச்சு. சின்னதுதானேன்னு குடுத்தேன். அது சாதிசனத்தையெல்லாம் கூட்டிட்டு வந்து உள்ளேயே குடியேறிட்டு. அன்னைக்கு எனக்கும் ஒரு டின் போதுமாயிருந்துச்சு. பாத்தவங்க எல்லாம், இவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்னு போயிட்டாங்க. இப்ப என் தங்கச்சியைப் பாத்தும் அதையே சொல்லுதாங்க. அவளும் போயிட்டா ஜெபக்கனி எந்த வழியில போவா?”

மாசானம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, வண்டி உள்ளேயே போக மாட்டேங்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா தார் இறுகிரும். ரெண்டு தெருவுக்கும் இல்லாமப் போயிரும்.”

ஆவுடையப்பன் சக்கரத்தையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, அங்கேயே கொண்டு போய் ஊத்தும்,” என்று அலுத்துக்கொண்டு, வண்டியைப் பின்னால் இழுக்க அவரே கை கொடுத்தார். அலுங்காமல் வந்துவிட்டது.

தார் ஒவ்வொரு கீறலாக இறங்கி நிரம்பியது. மாசானம் மேலே மணலைத் தூவினார். தபால் தெரு அக்காவை நினைத்து அழுதுகொண்டே கிடந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. துளிகள் தபால் தெருவின் மேல் ஓடி ஓடி இடம் தேடின. ஒதுங்க ஒரு கீறல் இல்லை. தெருவோரச் சாக்கடை வாறுகாலில் போய் விழுந்து ஓடின. கிணற்றுத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

கார்த்திகையில் ஒருநாள் ஜெபக்கனிக்கு வலி எடுத்தது. கொட்டும் மழையில் ஆட்டோ தபால் தெரு வழியாக வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம், அதே ஆட்டோ அவளையும் பெண் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

“அக்கா, பிள்ளை வந்துட்டுக்கா,” என்றாள் தங்கை.

“அழுதுச்சா?”

“இல்லக்கா. முனையில இருந்து முனை வரைக்கும் ஒரே தூக்கம். என் மேலதான் போறோம்னே அதுக்குத் தெரியல. நான்னு ஒருத்தி இருக்கேன்னே யாருக்கும் தெரியல.”

“தெரியவே வேண்டாம்டி,” என்றாள் அக்கா. “என்னைத்தான் ஊருக்கே தெரியுதே.”